இரண்டு படி குறைந்த கொலு

எங்கள் வீட்டுக்குக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் அதை ரிப்பேர் செய்கிற மிஸ்திரியைத் தேடுவார்கள். கதவைத் திறந்து எதிரே நிற்பவள் என் மகள். கையில் உளி, மூக்குக்கண்ணாடியெல்லாம் மரத்தூள், இடுப்பில் கட்டிய தடித்த துணி. அவளைத் தாண்டி எட்டிப் பார்த்து, "மிஸ்திரி இல்லையா?" என்று பெங்காலியில் கேட்பார்கள்.

உள்ளே சாய்வு நாற்காலியில் என் வீட்டுக்காரர் இருப்பார். வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, மார்பில் வெள்ளை முடி. தேயிலைக் கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். சுவரில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் சுவரையும் ஆணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுவார். அவரைக் கண்டதும் வந்தவர்களுக்கு நிம்மதி வந்துவிடும். இதோ இருக்கிறார் ஆள் என்று உள்ளே வந்து காலைத் தொடுவார்கள். ஒரு காதில் வளையமும் கிழிந்த கால்சட்டையுமாக வந்தவன் ஒருவன், அவர் காலடியில் உட்கார்ந்து தன் கிட்டாரின் கஷ்டங்களையெல்லாம் சொன்னான். இவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிவில், "எல்லாம் மழைதான்" என்றார். கொல்கத்தாவில் எதற்கும் அந்தப் பதில் பொருந்தும். அவன் கண் கலங்கிப் போனான்.

அந்தக் கிட்டாரை என் மகள் சரி செய்தாள். அவன் வந்து வாங்கும்போது மறுபடியும் இவர் காலைத்தான் தொட்டான்.

நான் இதையெல்லாம் அடுக்களைத் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். ஆள் வந்தால் வெளியே வருகிற பழக்கம் எனக்கு இல்லை. கல்யாணமாகி பவானிபூருக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். ஊரில் ஐந்தாம் வகுப்பில் வாசிக்கச் சொன்னபோதும் எனக்குக் குரல் வராது. டீச்சர் அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார்கள். பேசாமல் இருப்பதில் ஒரு லாபம் உண்டு. நம்மை யாரும் கணக்கில் வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் பேசுவார்கள்.

மகள் இன்ஜினியரிங் படித்தாள். செக்டர் ஃபைவில் ஏ.சி. ஆபீஸ், கழுத்தில் அட்டை, வீட்டு வாசலுக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகிற கார். கொரோனா காலத்தில் எல்லோரையும் போல வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னார்கள். அப்போதுதான் கல்லூரியில் வாங்கிய பழைய கிட்டாரை எடுத்தாள். அதன் கழுத்து வளைந்திருந்தது. மேசையில் ஒரு பக்கம் கம்ப்யூட்டரில் யாரோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருப்பார்கள். மறுபக்கம் இவள் அந்தக் கழுத்தை அறுத்துக்கொண்டிருப்பாள். கேமராவை அணைத்துவிட்டு, "யெஸ், யெஸ்" என்பாள். கம்ப்யூட்டரில் படம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். காயலான் கடையில் உடைந்த கிட்டார்களை வாங்கி வந்து பிரித்துப் போட்டாள். பாதியைக் கெடுத்தாள். கெட்டுப்போனதை அடுப்பெரிக்கக்கூட முடியாது, வார்னிஷ் நாறும்.

பிறகு ஒருநாள் கழுத்து அட்டையைக் கழற்றி வைத்துவிட்டாள். வாசலை ஒட்டிய பக்கத்து அறை பட்டறையாகிவிட்டது.

அவள் செய்த பெரிய தப்பு, கிட்டார் வாசிக்கத் தெரியாமல் இருந்தது. சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற அளவுக்குத் தட்டுவாள், அவ்வளவுதான். அதை இந்த ஊர் மன்னிக்கவில்லை. இங்கே முடிவெட்டுகிறவரும் பாடுவார், மீன் விற்கிறவரும் பாடுவார். "வாசிக்கத் தெரியாமல் எப்படி ரிப்பேர் செய்வாய்?" என்று கேட்டுவிட்டு, அவளுக்குக் கிட்டார் என்றால் என்ன என்று விளக்குவார்கள். கம்பி எத்தனை, எது மேலே, எது கீழே. அவள் தலையை ஆட்டிக்கொண்டே அவர்கள் கிட்டாரைப் பிரித்துக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு கூட்டம் வந்தபோதும் இதே கதை. சங்கீதம் தெரியும் என்று யாரோ சொல்லி வந்திருந்தார்கள். பையனின் அம்மா, "ஒரு பாட்டு வாசிம்மா" என்றாள். இவள், "வாசிக்க மாட்டேன் ஆன்ட்டி. உடைஞ்சது ஏதாவது இருந்தா கொண்டு வாங்க" என்றாள். அவர்கள் வீட்டில் உடைந்தது எதுவும் இல்லை போலிருக்கிறது, திரும்பி வரவில்லை.

என் வீட்டுக்காரர் இந்தத் தொழிலை யாரிடமும் சொல்லவில்லை. தமிழ்க்காரர்கள் கூடும் இடத்தில் யாராவது கேட்டால், "வொர்க் ஃப்ரம் ஹோம்" என்பார். அது பொய்யும் இல்லை. முக்கியமாக, அவருடைய அக்காவுக்கு, அதாவது என் மதினிக்குத் தெரியக் கூடாது. மதினி அலிப்பூரில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்காரர் பெரிய சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து காலமானவர். அவர் போனாலும் உத்தியோகம் மதினியோடு தங்கிவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்தால் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த மாதிரிதான் நடப்பார்கள். நல்லவேளை, பொங்கலுக்கும் கொலுவுக்கும் மட்டும்தான் வருவார்கள். அப்போது பட்டறைக் கதவைச் சாத்திவிடுவோம்.

அந்த வருஷம் ஆடி மாதத்திலேயே வந்துவிட்டார்கள். முன்னறிவிப்பு இல்லை. என் மகள் பட்டறைக்குள்ளிருந்து எந்திரத்தை அணைத்தாள். அந்த அமைதியே சந்தேகமாக இருந்தது.

"உள்ள என்ன சத்தம்?" என்றார்கள் மதினி.

"மிக்ஸி" என்றார் என் வீட்டுக்காரர். நானோ மதினியின் எதிரிலேயே அம்மியில் துவையல் அரைத்துக்கொண்டிருந்தேன்.

மதினி அதைக் கவனிக்காத அளவுக்கு ஒரு சேதியோடு வந்திருந்தார்கள். அவர்கள் மகன் வேலை பார்க்கும் கம்பெனியில், அலிப்பூரிலேயே, ஒரு இடம் இருக்கிறதாம். "சொல்லி வச்சாச்சு. பூஜை லீவு முடிஞ்சதும் வந்து சேந்தா போதும். வீட்டுக்குள்ளயே கெடந்தா பொம்பளப்பிள்ளைக்குக் கண்ணும் போயிரும், நிறமும் போயிரும். நாலு பேரு கண்ணுல படாண்டாமா?"

"அக்கா சொல்லுதது சரிதான்" என்றார் இவர். அக்கா எது சொன்னாலும் அவருக்குச் சரிதான்.

"அப்பம் கொலு அன்னைக்கு வாரேன். ஒரு முடிவு சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, என் துவையலைத் தொட்டு நாக்கில் வைத்து, "உப்புப் போட மறந்திட்டியா ஏளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அன்று அப்பாவும் மகளும் ரொம்ப நேரம் பேசினார்கள். கம்பி மாற்றுவதும் விரிசல் ஒட்டுவதுமாகவே காலம் போகிறதே, இது ஒரு வேலையா என்று இவர் கேட்டார். அவள் சொன்னாள்: "இப்பதான்ப்பா முழுசா ஒரு எலக்ட்ரிக் கிட்டார் செய்ய ஆர்டர் வந்திருக்கு. டிசைன்லேர்ந்து எல்லாம் என்னோடது. ஆர்டர் குடுத்தவர் துர்கா பூஜோக்கு ஸ்டேஜ்ல வாசிக்கப் போறார். அவர் வாங்கி மாட்டிக்கிட்டா அதுக்கப்புறம் எனக்கு வேற வெளம்பரமே வேண்டாம். அவர் வேண்டாம்னு திருப்பிக் குடுத்திட்டா, நானே அத்தை சொன்ன ஆபீசுக்குப் போறேன். பட்டறையக் காலி பண்ணிடுறேன்."

இவர் உடனே ஒத்துக்கொண்டார். திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஆர்டர் கொடுத்தவர் இந்த ஊரில் பேர்பெற்ற பாட்டுக்காரர். நரைத்த தலைமுடியைப் பின்னால் குதிரைவால் கட்டியிருப்பார். மூடிப்போன ஆலைகளைப் பற்றியும் பசியைப் பற்றியும் பாடுவார் என்று மகள் சொன்னாள். எங்கள் சந்துக்குள் நுழையாத அளவுக்குப் பெரிய காரில் வந்து, அதைத் தெரு முனையில் விட்டுவிட்டு, டிரைவர் குடை பிடிக்க நடந்து வருவார். என்னை மாஷிமா, அதாவது பெரியம்மா, என்பார். எனக்கும் அவருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இருக்காது.

கிட்டார் எந்த உருவத்தில் வேண்டும் என்பதில் அவருக்கு அபிப்பிராயம் இருந்தது. அதுதான் கஷ்டம். முதலில் படகு மாதிரி வேண்டும் என்றார். மகள் அட்டையில் வெட்டிக் காட்டினாள். மடியில் வைத்துப் பார்த்தார். படகு அவர் தொந்தியில் இடித்தது. தொந்தியைச் சொல்லாமல், படகு பழைய விஷயம் என்றார். பிறகு காக்கை. காக்கைக்கு அலகு வைத்தால் அது சட்டையைக் கிழிக்கிறது. பிறகு, "உருவமே இல்லாத உருவம்" என்றார். அதற்கு என் மகள் ஒரு வாரம் யோசித்தாள். கடைசியில் அவர் உட்காருகிற விதத்தையும், கை வந்து படுகிற இடத்தையும், சொல்லக் கூடாத அந்தத் தொந்தியையும் கணக்கில் வைத்து அவளே ஒன்று வரைந்தாள். எனக்கு அது நீளவாக்கில் அரிந்த கத்தரிக்காய் மாதிரி இருந்தது. அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு, "தாருண்! நான் முதல் நாளே இதைத்தானே சொன்னேன்" என்றார். தாருண் என்றால் இங்கே பிரமாதம் என்று அர்த்தம்.

உருவம் முடிவானது. மரம் கழுத்தை அறுத்தது. கிட்டாருக்கு ஈரமே இல்லாத மரம் வேண்டும். ஹவுராவில் ஒரு மரக்கடைக்காரர், பத்து வருஷம் காய்ந்த தேக்கு என்று காளி மேல் ஆணையிட்டுக் கொடுத்தார். மகள் அறுத்து, ஒட்டி, இறுக்கி வைத்தாள். மழை இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் பார்த்தால் பலகை பொரித்த அப்பளம் மாதிரி வளைந்து கிடக்கிறது. வேறு மரம் கொண்டுவந்தாள். அது அப்பளமாகக்கூட ஆகவில்லை, நடுவில் பிளந்துவிட்டது. பூஜைக்கு நாள் நெருங்கியது. பந்தலுக்கு மூங்கில் நட்டுவிட்டார்கள்.

அவள் வீட்டிலுள்ள மரச்சாமான்களையெல்லாம் விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்க ஆரம்பித்தாள். கட்டில் கால், பீரோ, மணை, ஜன்னல் சட்டம். என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கும்போதே அவர் நாற்காலிக் கையைத் தட்டினாள்.

"ஏளா, உன் மகள்ட்ட சொல்லி வை. கதவ மட்டும் விட்டு வைக்கட்டும். வாடகை வீடு" என்றார்.

ஒருநாள் மத்தியானம் அவள் ஸ்டூல் போட்டு ஏறிப் பரணில் தட்டிக்கொண்டிருந்தாள். அங்கே இருந்தவை கொலுப் பலகைகள். ஏழு. என் மாமனார் வாங்கிப் போட்டவை. வருஷத்தில் ஒன்பது நாள் சரஸ்வதியையும் தசாவதாரத்தையும் சுமந்துவிட்டு மீதி நாளெல்லாம் அடுக்களைப் புகையில் காய்ந்துகொண்டு கிடப்பவை. தட்டியவள் மறுபடியும் தட்டினாள். பிறகு இறங்கிவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் சோறு தின்றாள். அவள் சோற்றைப் பிசைந்த விதத்தில் எனக்கு விளங்கிவிட்டது.

"நல்ல சத்தமா?" என்றேன்.

"மணி மாதிரி இருக்கும்மா" என்றாள். குனிந்த தலை நிமிரவில்லை.

"எடுத்துக்கோ."

"அத்தை?"

"அத்தைக்கு ஆறு பலகை போதாதா?" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. கொலுப்படி ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. ஆறு படியில் கொலு வைத்தால் மதினி போலீசைக் கூப்பிடுவார்கள்.

அவள் இஞ்சி டேப்பை எடுத்துவந்து அளந்தாள். முகம் சுருங்கிவிட்டது. "பலகை ரொம்ப மெல்லிசும்மா. ஒண்ணு பத்தாது. ரெண்ட ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டினாதான் கனம் வரும். வேண்டாம், விடு."

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. "ரெண்டா எடு. ரெண்டு எடுத்தாதான் அஞ்சு வரும். ஒண்ணு எடுத்தா குத்தம்" என்றேன். கழித்தல் கணக்கு என் வாழ்க்கையில் உபயோகப்பட்டது அன்றைக்குத்தான். மூன்றாம் படியும் நான்காம் படியும் இறங்கி வந்தன. என் வீட்டுக்காரர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பிக் கேட்டிருந்தால் அக்காவைக் கேட்கச் சொல்லியிருப்பார்.

கிட்டார் உருவானது. அவள் இழைக்க இழைக்க அந்தக் கறுத்த மரத்துக்குள்ளிருந்து தேன் நிறம் வந்தது. கழுத்தில் வரிவரியாக உலோகக் கம்பி பதிப்பார்கள், ஃப்ரெட் என்று பேர். ஒவ்வொன்றின் ஓரத்தையும் உள்ளங்கையைக் கீறாத அளவுக்கு அரம் போட்டுத் தேய்த்தாள். சாப்பிடக் கூப்பிட்டால், "அம்மா, ஏக்டு பொறு" என்பாள். அந்தக் கொஞ்சம் பொறு என்பது பொழுது சாய்கிற வரை நீளும்.

நவராத்திரி வந்தது. கொலு வைக்கும் வேலை என்னுடையது. ஏழு படிப் பொம்மையை ஐந்து படியில் வைக்க வேண்டும். மதினி வருஷா வருஷம் வாங்கிக் கொடுத்த பொம்மை எதையும் விட முடியாது, வந்ததும் தேடுவார்கள். ஆபீஸ் நேர மெட்ரோவில் ஆட்களை அடைப்பது போல் அடைத்தேன். ராமர் தோளில் கிருஷ்ணர் முழங்கை. காய்கறி விற்கிறவள் கூடைக்குள் நரசிம்மரின் கால். கல்யாணக் கோஷ்டிக்கும் கிரிக்கெட் கோஷ்டிக்கும் நடுவில் நூல் நுழையாது. அப்படியும் இடம் பத்தாமல் செட்டியார் பொம்மையையும் அவர் சம்சாரத்தையும் அவர்கள் பலசரக்கோடு பட்டறையில் கொண்டுபோய் வைத்தேன். ஹாலில் கொலு வைக்க இடம் வேண்டுமென்று சோபா, மேசை, சாய்வு நாற்காலி எல்லாவற்றையும் அந்தப் பட்டறைக்குள்ளேயே தள்ளியிருந்தோம். அங்கே ஆள் நிற்க இடம் கிடையாது.

பாட்டுக்காரரைக் காலையில் வந்து கிட்டாரை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தாள். மதினி சாயங்காலம் வருவதாக இருந்தது. காலை என்றால் காலையில் வருகிறவர்கள் இந்த ஊரில் கலைஞர்களாக முடியாது. மதினி வந்து மணையில் உட்கார்ந்து, கொலுவை ஒரு பார்வை பார்த்து, வாய் திறப்பதற்குள் வாசலில் குதிரைவால் தெரிந்தது.

"மேஷோமஷாய், நமஷ்கார்!" என்று பெரியப்பா முறை சொல்லி அவர் என் வீட்டுக்காரரைக் கும்பிட்டார். பின்னால் டிரைவர் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

மதினியின் முகம் மாறிவிட்டது. அவரை டி.வி.யில் பார்த்திருக்கிறார்கள். "இவரு எங்க இங்க?" என்றார்கள் தம்பியிடம், மெல்லிய குரலில்.

"மகள... பாக்க..." என்றார் இவர். அது எவ்வளவு தப்பாகக் கேட்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மதினிக்குத் தோன்றியது. அவர் குதிரைவாலை மறுபடியும் ஒரு முறை, வேறு மாதிரி, பார்த்தார்கள்.

மகள் வந்து எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். "அத்தை, நான் கிட்டார் ரிப்பேர் பண்றேன். புதுசாவும் செய்றேன். இவருக்கு ஒண்ணு செஞ்சிருக்கேன். அவர் வாங்கிக்கிட்டார்னா இதான் என் வேலை. வேண்டாம்னுட்டா நீங்க சொன்ன ஆபீசுக்கு வந்திடுறேன்."

"ரிப்பேரா" என்றார்கள் மதினி. அந்த ஒரு வார்த்தையில் சைக்கிள் கடை, கிரீஸ், கைலி எல்லாம் இருந்தது. பிறகு முந்தானையைச் சரி செய்துகொண்டு, "வாசிக்கட்டும். பாப்பம்" என்றார்கள். பரீட்சை ஹாலில் மணி அடித்த மாதிரி இருந்தது.

பட்டறையில் இடமில்லாததால் ஹாலிலேயே, கொலுவுக்கு எதிரே பாய் விரித்தோம். சீரியல் பல்பு செருகியிருந்த பிளக்கைப் பிடுங்கிப் பெட்டியைச் செருகினார்கள். அவர் கிட்டாரை மடியில் வைத்தார். தொந்திக்கு அது மெத்தையாகப் பொருந்தியது. கண்ணை மூடினார். கம்பியைத் தட்டினார்.

நல்ல நாதம்தான் வந்தது. ஆனால் கூடவே ஒரு இரைச்சல். டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி, கிர்ர் என்று. அவர் கண்ணைத் திறந்தார். மறுபடியும் தட்டினார். கிர்ர்.

மகள் கிட்டாரை வாங்கினாள். கழுத்தில் கண்ணை வைத்து நேரே பார்த்தாள். திருகினாள், அழுத்தினாள், ஒவ்வொரு கம்பியாக மெதுவாகத் தட்டினாள். மெதுவாகத் தட்டினால் இரைச்சல் இல்லை. அவர் வாங்கிப் பலமாகத் தட்டினால் வந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நேற்று பட்டறையில் தட்டிப் பார்த்தபோதுகூட இல்லாத சத்தம்.

"பந்தல் மேடைக்கு வேறு கிட்டாரோடு போகிறேன். அவசரம் இல்லை, நீ நிதானமாகப் பார்" என்றார் பாட்டுக்காரர், ரொம்ப அன்பாக. இந்த ஊரில் வேண்டாம் என்பதை அப்படித்தான் சொல்வார்கள்.

"சரி, விடு. ஆபீசுக்கு என்னைக்கு வாரன்னு சொல்லு" என்றார்கள் மதினி.

என் வீட்டுக்காரர் சுண்டல் கிண்ணத்தைப் பார்த்தபடி இருந்தார். ஜெயித்தவர் முகம் அப்படி இருக்காது. மகள் கிட்டார்க் கழுத்தில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் திரைக்குப் பின்னால் நின்றேன். எனக்குக் கிட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். பொம்மைகளைப் பரணிலிருந்து இறக்கும்போது பெட்டிக்குள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம். மண் மேல் மண். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் ராமர் தோளும் கிருஷ்ணர் முழங்கையும் தெரிந்தன. அவர் தட்டும்போது இரண்டு பேரும் நடுங்கினார்கள்.

இதைச் சொல்ல வேண்டுமென்றால் வெளியே போக வேண்டும். மதினி, டி.வி.யில் வருகிறவர், டிரைவர், எல்லோரும் இருக்கிறார்கள். பொம்மை ஏன் இப்படி நெருங்கி உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டால் அதையும் சொல்ல வேண்டும். மகள் கிட்டாரைப் பைக்குள் வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

போனேன். யாரையும் பார்க்கவில்லை. கொலு முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் விரித்து, மேல்படிப் பொம்மைகளைச் சேர்த்து அழுத்திக்கொண்டேன். "வாசிக்கச் சொல்லு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மகளுக்குக் கேட்டது.

அவர் தட்டினார். இரைச்சல் பாதி குறைந்தது. கீழ்ப்படியையும் முழங்காலால் அணைத்துக்கொண்டேன். மீதியும் நின்றுவிட்டது. வெறும் கிட்டார்தான் ஒலித்தது. எனக்கு ராகம் தெரியாது. பலகையின் வழியாக அது என் உள்ளங்கைக்குள் வந்துகொண்டிருந்தது. அவர் நிறுத்தவேயில்லை. நானும் கையை எடுக்கவில்லை. கொலுவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, அப்படியே நின்றேன். முகத்தைக் காட்டாமல் ஒரு காரியம் செய்ய முடிந்ததில் எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

முடிந்ததும் அவர் "தாருண்" என்று சொல்லவில்லை. "இதை எடுத்துக்கொண்டு போகிறேன்" என்றார். மகள் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

மதினி விடவில்லை. "ஏளா, பொம்ம ஏன் இப்பிடி நெருக்குது? படி அஞ்சுல்லா இருக்கு?"

"அஞ்சுதான் மதினி."

"மத்த ரெண்டு?"

திரும்பிப் பாட்டுக்காரர் மடியைக் காட்டினேன். "அவுக கையில இருக்கு."

மதினியின் மூக்குத்தி ஏறி இறங்கியது. "அப்பா வாங்குன பலகை. எந்தப் படி?"

"மூணும் நாலும். தசாவதாரம் இருந்தது."

பாட்டுக்காரர் தசாவதாரம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு என்ன என்று கேட்டார். மகள் பெங்காலியில் சொன்னாள். தாத்தா வாங்கியது, சாமி உட்கார்ந்தது, வருஷா வருஷம். அவர் கேட்டுவிட்டு, கிட்டாரைத் தூக்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார். பிறகு எழுந்து வந்து, பலகையைக் கொடுத்தவரின் மகள் என்று மதினியின் காலைத் தொட்டார். செய்தவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

மதினிக்கு முகம் விரிந்துவிட்டது. "எங்க அப்பா மரம் பாத்து வாங்குறதுல கெட்டிக்காரர்" என்றார்கள் தமிழில், பிறகு இந்தியில், பிறகு தெரிந்த அளவு பெங்காலியில். சுண்டலை வாங்கிக்கொண்டு, "ஆபீசு என்ன ஆபீசு. என் மவன் மேனேசர்ட்ட நான் பேசிக்கிடுதேன், வேற ஆளப் போடச் சொல்லி. மரவேலை நம்ம ரத்தத்துல இருக்கு" என்றார்கள். என் வீட்டுக்காரர், "அக்கா சொல்லுதது சரிதான்" என்றார்.

பந்தலில் அவர் அந்தக் கிட்டாரோடு பாடியதை மகள் போனில் காட்டினாள். பாட்டுக்கு நடுவில் பேசினார். தெற்கே ஒரு பழங்காலக் கோயிலின் மரம் என்றார். ஆயிரம் வருஷம் என்றார். ஜனங்கள் கைதட்டினார்கள். என் மாமனார் அந்தப் பலகையை ஹவுராவில் வாங்கினார், உடைத்து ஏலம் விட்ட மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியின் இருக்கையிலிருந்து. மதினிக்கும் அது தெரியும். மதினியும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. முதன்முதலாக எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு ஒற்றுமை வந்தது.

அதன் பிறகு ஆர்டர்கள் வந்தன. பாதிப் பேர் கிட்டாரைக் கேட்டு வரவில்லை, மரத்தைக் கேட்டு வந்தார்கள். சாமி உட்கார்ந்த மரம் இன்னும் இருக்கிறதா? ஒருவர் செத்துப்போன அப்பாவின் கட்டில் காலைக் கொண்டுவந்தார், அதைச் செல் அரித்திருந்தது. ஒரு வக்கீல் சட்டப் புத்தக அலமாரியைச் சந்து முனையில் இறக்கி வைத்துவிட்டுப் போனார். மகள் எரிச்சல்படுவாள். "நான் கழுத்துல ராவினத, ஃப்ரெட் போட்டத ஒருத்தனும் பாக்க மாட்டேங்கிறான்ம்மா. எல்லாரும் மரத்தையே பாக்கிறான்." ஆனாலும் வேலையை வாங்கிக்கொள்கிறாள். செல் அரிக்காத மரமாக இருந்தால் மட்டும்.

என் வீட்டுக்காரர் இப்போது 'வொர்க் ஃப்ரம் ஹோம்' என்று சொல்வதில்லை. பட்டறை வாசலில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களிடம் மரம் காய்வதைப் பற்றிப் பேசுகிறார். மழையைப் பற்றி அவர் முன்பே சொன்னது சரியாகப் போய்விட்டது என்று அவருக்கு ஒரு பெருமை.

கொலு முடிந்து எல்லாப் பொம்மையையும் கட்டிப் பரணில் ஏற்றினேன். செட்டியாரையும் அவர் சம்சாரத்தையும் மகள் கொடுக்கவில்லை. அரத்துக்கும் பசை டப்பாவுக்கும் பக்கத்தில், அரிசி பருப்பைப் பரப்பிக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். செட்டியாருக்கு நெற்றியில் திருநீறு, திறந்த மார்பு, தொந்தி. போன வாரம் கிட்டாரோடு வந்த ஒரு பெண் உள்ளே எட்டிப் பார்த்து, மகளைத் தாண்டி, வீட்டுக்காரரின் காலி நாற்காலியைத் தாண்டி, அந்தப் பொம்மையைப் பார்த்தாள். "இவர்தான் மிஸ்திரியா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

"இல்லை. மிஸ்திரி அவள்தான்" என்றேன், பெங்காலியில். நான் திரைக்கு முன்னால்தான் நின்றிருந்தேன்.